மயில்துத்தத்துக்குள் இருந்த தண்ணீர்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் நுழைந்ததும் என்னை நிறுத்தியவை அலமாரியில் அடுத்தடுத்து இருந்த இரண்டு புட்டிகள். இரண்டிலும் காப்பர் சல்பேட் என்றே எழுதியிருந்தது. ஒன்றில் நீலக் கற்கள். நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் என்று கேட்டால் தருவார்களே, அதுதான். மற்றதில் வெள்ளைப் பொடி. மூலக்கூறு எடை நீலத்துக்கு 249.68, வெள்ளைக்கு 159.61.

"அந்த 90 எங்கே போச்சுன்னு இன்னிக்குப் பாத்துடலாம் சார்" என்றாள் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி.

செம்பு 63.5, கந்தகம் 32, ஆக்சிஜன் நான்குக்கு 64 என்று நோட்டில் கூட்டினாள். கார்பன்-12 அணுவின் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஒன்று என்று வைத்துக்கொண்டு வந்த எண்கள் இவை. கூட்டுத்தொகை வெள்ளைப் பொடியோடு ஒத்துப்போனது.

பிறகு நீலக் கற்களைப் பொடித்து, பீங்கான் கிண்ணத்தில் 2.50 கிராம் எடுத்து, சிறு தீயில் வைத்தாள். தீ கூடினால் உப்பே சிதைந்து கறுத்துவிடுமாம். ஓரத்தில் நீலம் வெளுத்தது. கண்ணாடிக் குச்சியால் கிளறக் கிளற நடுவிலும் வெளுத்தது. நான்கு நீர் மூலக்கூறுகள் செம்பைப் பற்றியிருக்கின்றன, அவை முன்னதாகப் போய்விடும். ஐந்தாவது சல்பேட்டோடு பிணைந்திருப்பதால் 200 டிகிரி வரை விடாது. அந்த ஐந்தாவதுக்காகத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தோம். காற்றின் ஈரம் ஏறாமல் டெசிகேட்டரில் ஆறவைத்து நிறுத்தாள். மறுபடி சூடாக்கி, மறுபடி நிறுத்தாள். எடை மாறவில்லை: 1.60 கிராம்.

போனது 0.90 கிராம். அதை நீரின் 18ஆல் வகுத்தால் 0.05 மோல். மிஞ்சிய 1.60ஐ 159.6ஆல் வகுத்தால் 0.01 மோல். ஒன்றுக்கு ஐந்து!

பள்ளியில் நான் மனப்பாடம் செய்த எண்ணுக்கு அன்றுதான் அர்த்தம் தெரிந்தது. ஒரு மோல் என்பது 6.022 × 10²³ துகள்கள். எந்தக் கண்ணாலும் எண்ண முடியாது. ஆனால் தராசு காட்டும் கிராமை மூலக்கூறு எடையால் வகுத்தால் எண்ணிக்கை கைக்கு வந்துவிடுகிறது. இந்த உப்பு அயனிகளின் அடுக்கு, தனித்தனி மூலக்கூறுகள் இதில் இல்லை. ஆகவே வாய்பாட்டு எடை என்பதே சரியான பெயர் என்று பேராசிரியை திருத்தினார். பெயர் எதுவானாலும் கணக்கு அதேதான்.

புட்டி மாறினால்? ஒரு லிட்டருக்கு 0.1 மோல் வேண்டியவர் நீலக் கற்களில் 15.96 கிராம் எடுத்தால் கிடைப்பது 0.064தான். அதை வைத்துச் செய்யும் அளவீடு அத்தனையும் பிழை.

கிளம்பும்முன் அவள் வெள்ளைப் பொடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு விழுந்த இடத்தில் நீலம் பரவியது. கிண்ணத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.