பத்து நிமிடத்துக்குக் குறைந்த வேலைகள்

எங்கள் வீட்டு இட்லி மாவுக்குத் தில்லியில் இரண்டு பகைகள் இருந்தன. ஒன்று ஜனவரி, மற்றொன்று ஜூன். ஜனவரி இரவுகளில் குளிர் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும்; அரைத்து வைத்த மாவு மறுநாள் காலையிலும் அரைத்தபடியே கிடக்கும். ஜூனில் பகல் வெயில் நாற்பதைத் தாண்டும். மாலையில் அரைத்த மாவு நள்ளிரவுக்குள் பொங்கி வழிந்து, விடியும்போது வாயில் வைக்க முடியாதபடி புளித்திருக்கும். திருநெல்வேலியில் ஆச்சிக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. மாவைக் கரைத்து மூடி வைத்துவிட்டு உறங்கச் செல்வார். மற்றதை ஊரின் வெப்பம் பார்த்துக்கொள்ளும். 1990இல் திருமணமாகித் தெற்குத் தில்லியின் அரசுக் குடியிருப்பு ஒன்றில் குடிவந்த அம்மா, ஆச்சியிடம் கற்றுவந்த பக்குவத்தை ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகக் கண்டறிய வேண்டியிருந்தது.

குடும்ப உழைப்பைப் புள்ளிவிவரங்கள் எவ்வாறு கணக்கெடுக்கின்றன என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். ஆகவே இப்பதிவு பாதி நினைவு, பாதி ஆய்வுக்குறிப்பு. சிறுவயதுச் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சுவையை எழுதுகிறார்கள். எனக்கும் அந்தச் சுவைகள் நினைவில் உண்டு: ஐ.என்.ஏ. சந்தையிலிருந்து அப்பா வாங்கி வரும் நல்லெண்ணெயின் மணம், முற்றிக் காய்ந்த தேங்காயிலும் அம்மா எப்படியோ கறந்துவிடும் சொதிக்கான பால், எள் வறுத்துச் சேர்த்த மிளகாய்ப்பொடி. ஆனால் இன்று எண்ணிப் பார்க்கையில் சுவையைவிட வியப்பாகத் தோன்றுவது, அதற்குப் பின்னால் இடைவிடாது நடந்துகொண்டிருந்த ஒரு சோதனை.

கோடையில் நான்கு பங்கு புழுங்கல் அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. குளிரில் மூன்றுக்கு ஒன்று. கோடையில் கிரைண்டரின் சூடு மாவில் ஏறாதிருக்கப் பனிக்கட்டி நீரைத் தெளித்து அரைப்பார். குளிரில் வெதுவெதுப்பான நீர். கோடையில் அரைத்தவுடன் உப்பு. குளிரில் மாவு பொங்கிய பிறகே உப்பு. வெந்தயத்தின் அளவு நவம்பரிலிருந்து கூடும், மார்ச்சில் குறையும். ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குக் கோடையில் சனி மாலை அரைப்பார். டிசம்பர் பிறந்தால் அரைப்பு வெள்ளி இரவுக்கு நகர்ந்துவிடும். சென்ற வார மாவில் ஒரு கரண்டி எடுத்துவைத்துப் புது மாவில் கலப்பதும் குளிர்காலத்து வழக்கம். உளுந்து அரைபட்டதா என்றறிய ஒரு துளியைக் கிண்ணத்து நீரில் இடுவார். மிதந்தால் சரி, அமிழ்ந்தால் கிரைண்டர் இன்னும் ஐந்து நிமிடம் ஓடும். இவற்றில் ஒன்றையும் அவர் எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்கத் தக்கவை என்று அவர் கருதியதுமில்லை.

எல்லாவற்றையும் அவரே கண்டுபிடித்தார் என்றும் சொல்ல மாட்டேன். மாவைக் குளிரிலிருந்து காக்கும் வழியைக் கற்றுத்தந்தவர் மேல்மாடியில் குடியிருந்த பஞ்சாபி ஆன்ட்டி. குளிர்காலத்தில் தயிர் உறைவதற்காக அவர் பாத்திரத்தைப் பழைய சால்வையில் சுற்றி, கோதுமை மாவு நிறைந்த தகரப் பெட்டிக்குள் புதைத்து வைப்பார். கோதுமை மாவு வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. அம்மா அதைப் பார்த்து, இட்லி மாவுப் பாத்திரத்துக்கும் அவ்வாறே செய்தார். இடம் போதாதபோது பாத்திரம் எங்கள் ரஜாய்க்குள் வந்து சேரும். “காலை நீட்டாதே, மாவு இருக்கு” என்பது என் சிறுவயதுக் குளிர்கால இரவுகளில் அடிக்கடி கேட்ட எச்சரிக்கை. திருநெல்வேலி இட்லி தில்லியில் பிழைத்ததற்குப் பஞ்சாபின் தயிர் காரணம் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

இட்லியின் வரலாறும் இத்தகைய கலப்புகளால் ஆனதுதான். கி.பி. 920ஐ ஒட்டி எழுதப்பட்ட கன்னட நூலான வட்டாராதனையில் ‘இட்டலிகெ’ என்ற பெயர் வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் மானசோல்லாசத்தில் ‘இட்டரிகா’ வருகிறது. அப்பழைய குறிப்புகளில் உளுந்து உண்டு. அரிசியோ, நெடுநேரம் புளிக்கவிடும் முறையோ இல்லை என்பதை உணவு வரலாற்றாசிரியர் கே.டி. ஆச்சயா எடுத்துக்காட்டினார். அரிசியைச் சேர்த்தவர் யார், மாவை முதலில் இரவு முழுதும் காத்திருக்க விட்டவர் யார் என்பதற்குப் பெயர்கள் இல்லை. ஏதோ ஓர் அடுக்களையில் யாரோ பார்த்து, மாற்றிப் பார்த்து, மீண்டும் செய்திருக்க வேண்டும்.

அறிவியல் இதனை வேறு மொழியில் விளக்குகிறது. 1965இல் முகர்ஜியும் அவருடைய கூட்டாளிகளும் நுண்ணுயிரியல் இதழொன்றில் வெளியிட்ட கட்டுரை, இட்லி மாவைப் பொங்கச் செய்வதில் லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்னும் பாக்டீரியத்துக்கு முதன்மையான பங்கு உண்டு என்று காட்டியது. வெளியிலிருந்து ஈஸ்ட் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. தேவையான நுண்ணுயிரிகள் தானியத்தோடும் பருப்போடும் இயல்பாகவே வருகின்றன. அவை வெளியிடும் வாயுவை உளுந்தின் புரதமும் அதன் கொழகொழப்பும் பிடித்துவைக்கின்றன. இக்கட்டுரையை முதுகலைப் படிப்பின்போது வாசித்த நாளில், அம்மாவின் ஒவ்வொரு பழக்கத்துக்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. குளிரில் உளுந்தைக் கூட்டுவது, பழைய மாவைக் கலப்பது, உப்பைத் தள்ளிப்போடுவது எல்லாம் காரணத்தோடு இருந்தன. நுண்ணுயிரியின் பெயர் அவருக்குத் தெரியாது. அது எந்தச் சூட்டில் சோம்பும், எதில் துள்ளும் என்பது தெரியும்.

இந்த அறிவுக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயர் ‘கைமணம்’. பாராட்டாகச் சொல்லப்படும் அச்சொல்லில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. மணம் கையிலேயே பிறந்துவிடுகிறது என்றால் கற்றதற்கும் தவறித் திருத்தியதற்கும் கண்விழித்ததற்கும் அதில் இடமில்லை. இயற்கையாக வாய்த்த ஒன்றை யாரும் ஆவணப்படுத்துவதில்லை; அதற்காக யாருக்கும் கடன்படுவதுமில்லை.

2021இன் பெருந்தொற்றில் அம்மாவுக்குக் காய்ச்சல் சில நாள்களில் தணிந்தது. மோப்பம் திரும்பவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு காப்பியின் மணம் சிறிது வந்தது. மாவின் மணம் வரவேயில்லை. அவருடைய சோதனைக்கூடத்தின் மிக நுட்பமான கருவி பழுதாகிவிட்டது. மாவுப் பாத்திரத்தைத் திறந்து, முகத்தை அருகில் கொண்டுபோய், எதுவும் தெரியாமல் மூடிவிட்டு நின்ற அவரைப் பார்த்த அன்றுதான், அவர் இத்தனை ஆண்டுகளாக மாவை மூக்கால் வாசித்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் புரிந்தது.

பிறகு என்னை அழைத்து முகரச் சொன்னார். “எப்படி இருக்கு?” என்றார். “புளிச்ச வாடைம்மா” என்றேன். “அது தெரியும். என்ன புளிப்பு? மோர் வாடையா, காடி வாடையா?” என்று கேட்டார். வேறுபாட்டை அவர் விளக்கினார்: அரைத்த சில மணி நேரத்துக்கு இருப்பது பச்சை வாடை, அது அடங்கி, கடைந்த மோரின் வாடை எழும்போது இட்லிக்குப் பதம், அதையும் கடந்து மூக்கின் மேற்பகுதியைத் தொடும் காடி வாடை வந்துவிட்டால் தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும்தான் ஆகும். பாத்திரத்தின் பக்கவாட்டில் விரலால் தட்டச் சொன்னார். கனத்த ஒலி கேட்டால் மாவு இன்னும் உறங்குகிறது. உள்ளே பொந்து விழுந்ததைப் போன்ற ஒலி கேட்டால் விழித்துவிட்டது. ஹைதராபாத்திலிருக்கும் என் தங்கை கைப்பேசியைப் பாத்திரத்தின் அருகில் வைத்துத் தட்ட, அம்மா இங்கிருந்து கேட்டுப் பதம் சொன்ன நாள்களும் உண்டு. முப்பதாண்டுகளாகச் சொல்லாக வேண்டிய தேவையே இல்லாதிருந்த அறிவு, புலன் ஒன்று போனபின் முதன்முறையாகச் சொல்லாகியது.

அதே குளிர்காலத்தில் என் ஆய்வுக்கான வினாப்பட்டியலை முன்னோட்டமாக அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். இந்தியாவின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஒருவரின் 24 மணி நேரத்தை முந்தைய நாள் காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை அரைமணித் துண்டுகளாகப் பிரித்துக் குறிக்கிறது. ஒரு துண்டுக்குள் பல வேலைகள் நடந்திருந்தால், பத்து நிமிடமோ அதற்கு மேலோ நீடித்தவை பதிவாகும். “ராத்திரி பத்து மணியிலேர்ந்து காலையில அஞ்சு மணி வரைக்கும்?” என்று கேட்டேன். “தூங்கினேன். வேற என்ன?” என்றார். அன்றிரவு அவர் இருமுறை எழுந்து மாவைப் பார்த்ததை நானே கண்டிருந்தேன். நினைவூட்டினேன். “அது ஒரு வேலையா? ரெண்டு நிமிஷம்” என்று சிரித்தார். படிவத்தில் ‘உறக்கம்’ என்றுதான் எழுத முடிந்தது. விதிப்படி அது சரியான விடை.

2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுள் 81.2 விழுக்காட்டினர் தம் வீட்டாருக்கான ஊதியமில்லா வீட்டுவேலைகளில் ஈடுபட்டனர், ஆண்களுள் 26.1 விழுக்காட்டினர். ஈடுபடுவோரின் சராசரி நேரம் பெண்களுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். இவை மிக முக்கியமான எண்கள். வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளில் ‘வீட்டுவேலை மட்டும் பார்த்தவர்’ என்ற 92ஆம் குறியீட்டுக்குள், உழைப்புப் படைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த கோடிக்கணக்கான பெண்களின் நாளைக் கடிகாரத்தின் முன் கொண்டுவந்தவை இவையே. இவற்றைக் குறைகூறுவது என் நோக்கமன்று. என் ஆய்வே இவற்றின்மேல்தான் நிற்கிறது.

ஆயினும் 299 நிமிடங்களுக்குள் அடங்காத ஒன்று உண்டு. அரைத்தல், வார்த்தல், கழுவுதல் ஆகியவை நிமிடங்களாகும். எழுந்து பார்த்தல், முகர்தல், தட்டிக் கேட்டல், ‘இன்றைக்குக் குளிர் கூடுதல், உளுந்தை ஒரு பிடி கூட்டலாம்’ என்று பிற்பகலிலேயே முடிவெடுத்தல் ஆகியவை நிமிடங்களாகா. உழைப்பு கணக்கில் வருகிறது. அதை நடத்திச் செல்லும் அறிவு பத்து நிமிடத்துக்குக் குறைவாக இருப்பதால் விடுபடுகிறது. எனக்கு நினைவிலிருக்கும் சுவை பெரும்பாலும் அந்த விடுபட்ட நிமிடங்களில்தான் உருவாகியது. இப்போது தெருமுனைக் கடையிலேயே பொட்டலத்தில் இட்லி மாவு கிடைக்கிறது. அம்மாவும் வாங்குகிறார், அவருடைய மணிக்கட்டுக்கு அது நல்லது, நான் அதை வரவேற்கிறேன். அரைக்கும் உழைப்பு ஒரு வீட்டைவிட்டு நீங்குவது இழப்பன்று. அதனோடு சேர்ந்து, யாரும் குறித்துக்கொள்ளாமலே அறிவும் நீங்கிவிடுவதுதான் இழப்பு.

இதை வாசிக்கும் மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். களப்பணியிலோ விடுமுறையிலோ உங்கள் வீட்டு அடுக்களைக்குச் செல்லும்போது, ‘எப்படிச் செய்வது?’ என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்குச் செய்முறை மட்டுமே விடையாக வரும். ‘சரியாக வரவில்லை என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள்? அப்போது எதை மாற்றுவீர்கள்? இதை யாரிடம் பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். ‘அது ஒரு வேலையா?’ என்ற பதில் வருமிடத்தில் பேனாவை மூடாதீர்கள். அவர்கள் சொல்லும் சொல்லை அவர்கள் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள். பச்சை வாடை, மோர் வாடை, காடி வாடை என்ற மூன்று சொற்களை நான் என் ஆய்வேட்டின் கலைச்சொல் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுச் சொற்களையும் இங்கே எழுதுங்கள்.