எங்க ஆயா கும்பிட்ட கோயில்

கோயிலுக்குப் போகிற கிழவி என்றால் நம் தோழர்கள் பலருக்கு இளக்காரம். மதம் மயக்கி வைத்திருக்கிற சனம் என்பார்கள். சாமியார்களுக்கோ அவள் பொறுமையின் வடிவம், கீழ்ப்படிதலுக்கு உதாரணம். இரண்டு தரப்பும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியதில்லை. எண்பத்தொன்பது வயசு வரை இருந்து 2018இல் செத்துப்போன எங்க ஆயாவைப் பற்றி நான் எழுதுவதற்கு இதுதான் காரணம்.

எங்க ஊர் பழைய தென்னார்க்காட்டில் இருக்கிறது. ஊர்த்தெருவும் கிறித்துவம், சேரியும் கிறித்துவம். சாமி ஒண்ணு, சனம் ரெண்டு. தாது வருசப் பஞ்சத்தில் (1876–78) எங்க முன்னோர் வேதத்துக்கு வந்தார்கள். 'கூழுக்கு வேதத்துல சேந்தவங்க' என்று ஊர்த்தெருவில் இன்னும் ஏளனம் பேசுவார்கள். ஆயா அதை மறைத்துப் பேசாது. "ஆமா, பசிச்சுது, வந்தோம். பசிச்சவங்களுக்குச் சோறு போடச் சொன்ன சாமிகிட்ட வந்தது தப்பா? இந்தக் கோயிலுக்குக் கல்லும் சுண்ணாம்பும் செமந்தது யாரு? எங்க பாட்டி. அவங்க செமக்கலன்னா இவங்க எங்க போயி முட்டி போடுவாங்க?"

ஆயாவின் பக்திக்கு வேர் இதுதான். கோயில் யாரோ கொடுத்த பிச்சை இல்லை, எங்க ஆளுங்க உழைப்பு. அப்புறம் இன்னொன்று. ஆயா பிறந்த வருசம் சர்க்கார் தாள் எதிலும் கிடையாது. கோயில் ஞானஸ்நானக் கணக்கில் 1929 என்று இருக்கிறது. "ஆண்டை வூட்டுக் கணக்குல நம்ம பேரு கடனுக்குப் பக்கத்துலதான் இருக்கும். ஒரு ஆளா மதிச்சு எழுதுனது கோயில் பொஸ்தகத்துலதான்" என்று சொல்லும்.

விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து வாசல் பெருக்கி, கூழ் காய்ச்சி, கோயில் மணி அடிக்கும்போது பூசைக்குப் போகும். பூசை முடிந்தால் நேராக நடவுக்கு. செபமாலை மடியில் முடிந்திருக்கும். பெத்தது ஏழு, தங்கினது நாலு. கம்மலை வித்து எங்க அம்மாவைக் கன்னியாஸ்திரிகள் ஆஸ்டலில் சேர்த்தது. சேரியில் பத்தாவது தாண்டின முதல் பொம்பளப் பிள்ளை எங்க அம்மாதான். நான் எம்.ஏ. தமிழ் படித்தது அந்தக் கம்மலில்தான்.

பிள்ளைகளுக்கு ஆயா ரெண்டு ரெண்டு பேர் வைத்திருந்தது. கோயில் கணக்கில் ஒரு புனிதர் பேர், பள்ளிக்கூடக் கணக்கில் ஒரு இந்துப் பேர். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறித்துவத் தலித்துகளுக்கு இன்றுவரை கதவு திறக்கவில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கூலி கேட்டால் பறையன், சலுகை கேட்டால் கிறித்துவன். 'ரெட்டைப் பேர் வைத்து வேதத்தை ஏமாத்துகிறாயா?' என்று ஒரு சாமியார் கேட்டாராம். "சாமிக்குத் தெரியும் சாமி, யாரு யார ஏமாத்துறாங்கன்னு" என்று சொல்லிவிட்டு வந்ததாம்.

1983இல் தாத்தா செத்தபோது நடந்ததை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறது. கோயிலில் ஒரு தூம்பா உண்டு. பிணத்தை வைத்துக் கல்லறைக்குக் கொண்டுபோகிற மரப்பெட்டி. அது ஊர்த்தெருப் பிணங்களுக்கு மட்டும். எங்க பிணம் மூங்கில் பாடையில் வயக்காட்டு வழியாகப் போக வேண்டும். தூம்பா வேண்டும் என்று ஆயா கேட்டது. முடியாது என்றார்கள். பொழுது சாயும்வரை பிணத்தை எடுக்கவிடாமல் கோயில் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. "மரத்துல தொங்குன சாமிக்குக் கோயில் கட்டிட்டு, மரப்பொட்டிக்குச் சாதி பாக்குறீங்களே" என்று கத்தியிருக்கிறது. கடைசியில் பாடையில்தான் போனார் தாத்தா.

அடுத்த மாதம் பங்குச் சாமியார் சமாதானம் பேச வந்தார். சேரிக்கென்று தனியாக ஒரு தூம்பா செய்து தருவதாகச் சொன்னார். தெருவில் பலபேர் சரி என்றார்கள். ஆயா ஒப்பவில்லை. "தனியா ஒண்ணு வாங்கிட்டா அது இன்னொரு செவுரு. அப்புறம் அந்தச் செவுத்த நம்மதான் கட்டுனோம்பாங்க." பிரிவினையை வசதி என்று நினைத்து வாங்கிக்கொள்ளக் கூடாது என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த கிழவி அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கிறது.

அதற்காகக் கோயிலை விட்டுவிடவுமில்லை. அம்மாவேகூடக் கேட்டிருக்கிறது, இவ்வளவு அவமானத்துக்கு அப்புறம் எதுக்கு அங்க போறன்னு. "எங்க பாட்டி கட்டுன வூட்ட வுட்டு நான் ஏன் போவணும்? சாதி பாக்குறவன் போவட்டும்" என்றதாம். திருவிழாவுக்குச் சேரியில் வரி வாங்க மாட்டார்கள். வாங்கினால் தேர் எங்க தெருவுக்கும் வர வேண்டுமே. ஆயா வருசா வருசம் வரிக்காசை முந்தானையில் முடிந்துகொண்டு போய் நீட்டும், அவர்கள் வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், திரும்பி வரும். பெரிய வியாழனன்று பாதம் கழுவ உட்கார வைக்கிற பன்னிரண்டு பேரில் எங்க ஆள் ஒருத்தரும் இருக்க மாட்டார். "சேத்துல நிக்கிற காலு எங்க காலு. கழுவறதுன்னா மொதல்ல இதையில்ல கழுவணும்?" என்று சத்தமாகவே சொல்லும். சுற்றியிருக்கிற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித்துகளுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டது. செய்தியைப் படித்துக் காட்டினேன். "இதக் கண்டுபிடிக்க இத்தன வருசமா?" என்றது.

இளைஞர்கள் போராடியதில் ஆயா சாவதற்குச் சில வருசங்களுக்கு முன் தூம்பா பொதுவாகிவிட்டது. ஆயா அதில்தான் போனது. பிரசங்கத்தில் சாமியார் அதன் பொறுமையைப் புகழ்ந்தார். தூம்பா கிடைத்தாலும் ஊர்த்தெரு வழி கிடைக்கவில்லை. தாத்தாவின் பாடை போன அதே வயக்காட்டு வரப்பில்தான் ஆயாவையும் கொண்டுபோனோம். வரப்பு குறுகல். தூம்பாவைத் தூக்கியவர்கள் ரெண்டு பக்கமும் சேற்றில் இறங்கி நடந்தார்கள்.

பொறுமை என்று சொல்லி ஆயாவைக் கல்லறைக்குள் வைத்து மூடப் பார்க்கிறார்கள். மயக்கம் என்று சொல்லி நாமும் அதையே செய்ய வேண்டாம். சேரிக் கோயில்களில் இப்படி எத்தனையோ கிழவிகள் முட்டி போட்டிருக்கிறார்கள். அவர்கள் சாமியிடம் என்ன கேட்டார்கள், ஊர்க்காரர்களிடம் என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். ஆயா கேட்டதில் பாதிதான் வந்திருக்கிறது. மீதிக்கு நாம்தான் போய் வாசலில் உட்கார வேண்டும்.