அலை உடையாத இடம்

சென்ற தை அமாவாசையன்று பூம்புகார்ச் சங்கமத்தில், நகரத்து நீச்சல் குளத்தில் பயின்று வந்திருந்த வாலிபர் ஒருவர், "கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு வித்தையா, ஐயா?" என்று என்னைக் கேட்டார். நீராட வருவோரைக் காக்கும் ஊழியத்திலேயே தலை நரைத்தவனுக்கு அக்கேள்வி சுருக்கென்று தைத்தது என்பதை மறைப்பானேன்?

கல்லணையிலிருந்து கிளைகிளையாகப் பிரிந்து மெலிந்து வந்துசேரும் காவிரியின் முகத்துவாரம், கோடையில் மணல் மேடிட்டு அடைபட்டுக் கிடந்து, ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் உடைத்துக்கொண்டு திறக்கும்போது, அதையொட்டிய கடலடித் திட்டுகளும் இடம் மாறிவிடுகின்றன. தென்காற்றுக் காலத்தில் வடக்கே நகர்ந்த மணல் வாடைக் காலத்தில் தெற்கே திரும்புகிறது. ஆகவே நேற்று இடுப்பளவு இருந்த இடம் இன்றும் அப்படியே இருக்குமென்று எவராலும் பிரமாணம் செய்ய இயலாது.

எனக்கு இவ்வித்தையைப் போதித்தவர் பள்ளிக்கூடத்தை மிதித்தறியாத மீனவப் பெரியவர் ஒருவர். காவிரியைக் குறுக்கே நீந்திக் கடந்த கர்வத்தோடு சென்ற என்னை, அவர் வெகுநாள் வரை தண்ணீரில் இறங்கவே விடவில்லை. விடியலில் மணல்மேட்டில் உட்காரவைத்து, "கத்துற அலையை விடு தம்பி, கத்தாத எடத்தைக் காட்டு" என்பார். காட்டினால் பேசமாட்டார், வெற்றிலை போட்டு முடித்தபின் மறுபடியும் அதையே கேட்பார், நான் அதே இடத்தைக் காட்டினால் சில நாள் தலையசைப்பார், சில நாள் சிரிப்பார். சிரித்த நாளில் நான் மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அலைகள் திட்டைத் தாண்டிக் கொண்டுவந்து குவிக்கும் நீரில் பெரும்பகுதி, வரப்பு அறுந்த இடத்தில் வயல்நீர் பாய்வதைப்போல, திட்டின் இடைவெளி வழியாகவே கடலுக்குத் திரும்புகிறது. அங்கே ஆழம் மிகுதியாதலால் அலை உடைவதில்லை. நீர் சற்றுக் கறுத்து, நுரையும் கலங்கலும் கடலை நோக்கி நகரும். ஜனங்களோ அந்தச் சாந்தத்தைக் கண்டு குழந்தைகளை அங்கேதான் அழைத்துச் செல்கிறார்கள்! நொடிக்கு 2 மீட்டருக்கு மேலும் வேகங்கொள்ளக்கூடிய அவ்வோட்டத்தை எதிர்த்து நேரே கரைக்கு நீந்துபவன், ஒலிம்பிக் வீரனாயினும், களைத்தே போவான். கரைக்கு இணையாக விலகி, அலை உடையும் வெண்மைக்குள் புகுந்தவனை அலையே கரைப்பக்கம் தள்ளிவிடும்.

இன்றைய இளைஞர்களுக்கு மிதவையும் கயிறும் விசிலும் உண்டு. அவற்றை நான் இகழவில்லை. ஆனால் கரையோர நீரோட்டம் கருங்கல் தடுப்பில் மோதினால் கடலுக்குள் திரும்பும் என்னும் சாதாரண விஷயத்தைக்கூட உணராமல், கூட்டம் குறைவாக இருக்கிறதென்று பக்தர்களை அதன் ஓரமாகவே இறங்கவிடுகிறார்கள். அமாவாசையன்றாவது இவர்கள் நிற்கிறார்கள். மற்ற நாட்களில், தரங்கம்பாடி வரை நீளும் மணலில் காவலாள் கண்ணிற்படுவது அபூர்வம். பயிற்சி கொடுப்போரும் குளத்தை எத்தனை நொடியில் கடந்தாய் என்று கேட்கிறார்களேயன்றி, கடலைக் காட்டி, இன்றைக்கு எங்கே இறங்கலாகாது என்று கேட்பதாகத் தெரியவில்லை.