அழிக்க அழிக்க முளைத்த நிலவறை

ஒரு கேமுக்கு யாராவது ‘பெடிட்5’ என்று பெயர் வைப்பார்களா? யாரும் வைக்கவில்லை. அது கேமை ஒளித்துவைத்திருந்த கோப்பின் பெயர். எழுதியவர் வைத்த பெயர் ‘தி டன்ஜன்’, நிலவறை. ஆனால் ஐம்பது வருடங்களாக எல்லோரும் கோப்பின் பெயரைச் சொல்லித்தான் அதைக் கூப்பிடுகிறார்கள். திருட்டுத்தனமாக வாழ்ந்தவனுக்குக் கடைசியில் ஒளிந்திருந்த தெருவின் பெயரே நிலைத்துவிட்ட மாதிரி.

1975. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம், அர்பானா-ஷாம்பெய்ன் வளாகம். ரஸ்டி ரூதர்ஃபோர்டு என்பவர் மக்கள்தொகை, எரிசக்தி பற்றிய பாடங்களைக் கணினியில் எழுதும் ஒரு குழுவில் வேலை செய்கிறார். குழுவுக்குப் பெடிட்1 முதல் பெடிட்5 வரை ஐந்து கோப்பிடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கடைசி இரண்டும் அப்போதைக்குக் காலி. முந்தைய வருடம்தான் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அச்சாகி வந்திருக்கிறது. பகடை, பென்சில், காகிதம், ராத்திரி முழுக்க விழித்திருக்க நாலு நண்பர்கள். இவ்வளவையும் சேர்ப்பது எப்போதுமே கஷ்டம். நண்பர்களில் ஒருவர் ஆடாமல், அரக்கன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தீர்மானிக்கும் ஆளாக உட்கார வேண்டும். அந்த ஆளின் நாற்காலியில் மெயின்ஃபிரேமை உட்காரவைத்தால் என்ன என்று ரூதர்ஃபோர்டுக்குத் தோன்றியது. சில வாரங்களில் எழுதி, காலியாகக் கிடந்த ஐந்தாவது கோப்பில் போட்டார்.

அந்த மெயின்ஃபிரேமில் ஓடிய அமைப்பின் பெயர் பிளேட்டோ. கணினி வழியாகப் பாடம் நடத்த 1960-ல் டொனால்டு பிட்சர் தொடங்கிவைத்தது. எழுபதுகளின் நடுவில் பல ஊர்களில் இருந்த நூற்றுக்கணக்கான டெர்மினல்கள் ஒரே கணினியோடு பேசிக்கொண்டிருந்தன. ஆரஞ்சு நிறத்தில் எரியும் பிளாஸ்மா திரை, 512க்கு 512 புள்ளிகள். விரலால் தொட்டால் புரிந்துகொள்ளும். ஒருவருக்கொருவர் அரட்டை அடிக்கலாம், பொதுவில் குறிப்பு எழுதிப்போடலாம். நம்மூர் வங்கிகளில் பேரேடு புரட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் ஆன்லைனில் சண்டைபோட ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தக் கதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. போன வருடம்தான் ஆடிப்பார்த்தேன். பழைய சிடிசி மெயின்ஃபிரேமை அப்படியே நகலெடுக்கும் மென்பொருளின் மேல் பிளேட்டோவைத் திரும்ப ஓடவைத்திருக்கிறார்கள். ‘சைபர்1’ என்று பெயர். தன்னார்வலர்கள் நடத்துவது, இலவசம். கணக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் கறுப்பில் ஆரஞ்சு.

முதல் இடைஞ்சல் விரலுக்கு. பிளேட்டோவின் விசைப்பலகையில் அம்புக்குறிகளுக்குத் தனி விசை கிடையாது. எஸ் எழுத்தைச் சுற்றி இருக்கும் விசைகளிலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். மேலே போக டபிள்யூ, இடது ஏ, வலது டி. இதுவரை நமக்குப் பழக்கம்தான். ஆனால் கீழே போக எக்ஸ். இருபது வருடமாக எஸ்-ஐ அமுக்கிப் பழகிய விரல் ஒவ்வொரு தடவையும் இடறும். இடறும்போதுதான் உறைத்தது: நாம் ஆடும் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்த கேம் இது, நம் பழக்கத்தை அது எங்கிருந்து தெரிந்துகொண்டிருக்கும்?

வலிமை, அறிவு என்று பகடை உருட்டிய சில எண்களோடு ஒரு ஆளைத் தருகிறது. போர்வீரன், மந்திரவாதி, பூசாரி மூன்றும் அவனே. உள்ளே ஒரே தளம், நாற்பது ஐம்பது அறைகள். திரையில் தெரிவது நான் நிற்கும் இடத்தைச் சுற்றிய கொஞ்சம் சுவர். எதிரி வந்தால் சண்டை போடலாம், மந்திரம் போடலாம், தப்பி ஓடப் பார்க்கலாம். எந்த ஜந்துவுக்கு எந்த மந்திரம் பலிக்கும் என்று கேம் சொல்லாது. செத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பின்னால் நின்று பார்த்த தம்பி, “என்னக்கா, ஈசிஜி ரிப்போர்ட் மாதிரி இருக்கு?” என்றான். ‘எல்டன் ரிங்’ ஆடுகிறவன்.

“கேம்டா. 1975.”

“மியூசிக் கூட இல்லியா?”

“இல்ல.”

“செத்தா?”

“செத்தா அவ்ளோதான். ஆளே அழிஞ்சிடுவான். முதல்லேருந்து.”

“சேவ் பண்ணி வெச்சுக்க வேண்டியதுதான?”

“அதான் முடியாது. நடுவுல எழுந்து போனா கேரக்டர வெச்சிருக்கும். செத்தா எடுத்துடும்.”

“கொடூரமா இருக்கேக்கா,” என்றவன் அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

இந்தச் சாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1980-ல் யூனிக்ஸில் வந்த ‘ரோக்’ என்ற கேமைத்தான் ‘செத்தால் செத்ததுதான்’ வகைக்குத் தாயாகச் சொல்வார்கள். வகைக்கே ரோக்லைக் என்று பெயர். உண்மையில் ஐந்து வருடம் முன்பே பெடிட்5 அதைச் செய்துவிட்டது. ‘பெடிட்5லைக்’ என்று சொல்ல வாய் வராது என்பதால் வரலாறு ரோக்கின் பக்கம் சாய்ந்ததோ என்னவோ. இப்போது இதைப் பெரிய அழகியல் கொள்கையாக எழுதுகிறார்கள்: மரணத்துக்கு எடை இருந்தால்தான் ஒவ்வொரு அடிக்கும் பொருள் உண்டு, இத்யாதி. எனக்கு வேறொரு சந்தேகம். பெடிட்5-ல் மொத்தம் இருபது ஆட்களைத்தான் சேமித்துவைக்க முடிந்தது, கோப்பில் அவ்வளவுதான் இடம். பல்கலைக்கழகம் முழுக்க ஆட ஆசைப்படுகிறவர்கள் எத்தனை பேர், இருப்பது இருபது வரிகள். ஒருவன் சாகாமல் இன்னொருவன் பிறக்க முடியாது. 20,000 அனுபவப் புள்ளிகள் எடுத்தவன் கௌரவப் பட்டியலில் ஏறி ஓய்வுபெற்றுப் போகிறான். அதுவும் ஒரு விதத்தில் இடத்தைக் காலி செய்வதுதான். ரேஷன் கடை வரிசைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் ஒன்று அழிவதில்லை. அரக்கர்களும் புதையலும்தான் தற்செயல், நிலவறையின் வரைபடம் மாறாது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வொரு ஆளும் சாவதற்குள் நடந்த தூரத்தை வரைந்துகொண்டே வந்தேன். ஏழாவது ஆள் சாகும்போது நோட்டில் பாதி நிலவறை இருந்தது. எட்டாவது ஆள் பிறக்கும்போதே ஏழு பேர் செத்த இடங்கள் அவனுக்குத் தெரியும்.

இனி அழிப்பவர்கள் பற்றி. பாடம் நடத்துவதற்கான கணினியில் விளையாட்டா என்று நிர்வாகம் பெடிட்5-ஐ அழித்தது. திரும்ப வந்தது, திரும்ப அழித்தார்கள். ஆனால் அதற்குள் யாரோ பிரதி எடுத்து வேறு கோப்பில் வேறு பெயரில் வைத்திருந்தார்கள். இன்றைக்கு நான் ஆடுவது அப்படித் தப்பித்த பிரதிகளின் வழி வந்ததுதான். இதற்கும் முன்னால் ‘எம்199எச்’ என்று ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். முதல் கணினி நிலவறை அதுதான் என்றும் சொல்வார்கள். அதை யாரும் பிரதி எடுக்கவில்லை. எனவே அதைப் பற்றி நாம் பேசக்கூடியது அந்த ஐந்து குறிகளை மட்டும்தான்.

இன்ஜினியரிங் லேபில் படித்தவர்களுக்கு இது புதிய கதை இல்லை. எங்கள் லேபில் ‘ஓஎஸ் ரெக்கார்டு ஃபைனல்’ என்ற ஃபோல்டருக்குள் கவுண்டர் ஸ்ட்ரைக் இருந்தது. லேப் அண்ணா ஒவ்வொரு சனிக்கிழமையும் தேடித்தேடி அழிப்பார். திங்கட்கிழமை மதியத்துக்குள் யாருடைய பென் டிரைவிலிருந்தோ திரும்ப முளைத்திருக்கும். நாங்கள் ஒழுங்காக எழுதிக் கையெழுத்து வாங்கிய ரெக்கார்டு புரோகிராம்களில் ஒன்றுகூட இன்று எங்கள் யாரிடமும் இல்லை.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாகத்தான் அதை வைத்திருந்தேன், சென்ற ஆண்டு மார்ச் வரை. எட்டு வருடம் ஒரே புராஜெக்ட்டில் இருந்தவள் நான். வெளிநாட்டு இன்சூரன்ஸ் கிளையண்ட், கிளெய்ம் பிராசஸிங். பொங்கல், தீபாவளி, அப்பாவின் ஆபரேஷன் எல்லாவற்றையும் அந்த சர்வரின் நேரத்துக்குத் தகுந்தபடி மாற்றிவைத்துக்கொண்ட எட்டு வருடம். கிளையண்ட் வேறு மென்பொருளுக்கு மாறினார்கள். டீகமிஷன் என்று ஒரு மெயில், அதில் நாலு வரி. வெள்ளிக்கிழமை மாலை சர்வரை அணைத்தார்கள். கோடு எங்களுடையது இல்லை, எடுத்துவைத்துக்கொள்ள முடியாது, கூடாது. எனக்கு அடுத்த புராஜெக்ட் கிடைத்தது, சம்பளம் நிற்கவில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் தூக்கம் போனது. அந்த ராத்திரிகளில்தான் பெடிட்5-க்குள் இறங்கினேன்.

அனுமதியோடு எழுதியது எதுவும் மிஞ்சவில்லை என்றா சொல்கிறேன்? அப்படிச் சொன்னால் சுலபமாக இருக்கும். பிளேட்டோவின் எத்தனையோ பாடங்கள் இன்றும் சைபர்1-ல் இருக்கின்றன. ஆனால் அவற்றை அழிக்க யாரும் வரவில்லை, காப்பாற்ற யாரும் அதிகாலையில் பிரதி எடுத்து ஒளிக்க வேண்டியும் இருக்கவில்லை. என் கிளெய்ம் பிராசஸிங்கைத் திருட வேண்டும் என்று எனக்கே ஒரு நாளும் தோன்றியதில்லை என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

பெடிட்5 நல்ல கேமா? முதல் பத்துச் சாவு வரைக்கும் அபாரம். அப்புறம் அலுப்பு. அதைப் பார்த்துவிட்டு அதே வருடம் தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கேரி விசன்ஹன்டும் ரே வுட்டும் எழுதத் தொடங்கிய ‘டிஎன்டி’ அதைவிட நல்ல கேம். அடுக்கடுக்காகத் தளங்கள், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கியெறியும் மாயவாசல்கள், கடைசியில் ஒரு கோளத்தைக் காவல்காக்கும் தங்க டிராகன். கேம்களின் முதல் ‘பாஸ்’ என்று அதைத்தான் பொதுவாகக் காட்டுவார்கள். தம்பியிடம் சொன்னேன். “அப்ப மலேனியாவோட கொள்ளுப் பாட்டி,” என்றான். அயோவா மாணவர்கள் கெவெட் டன்கோம்ப், ஜிம் பேட்டின் எழுதிய ‘மோரியா’வில் நடைபாதை நம் கண் முன்னால் கோடுகளாக விரியும், பலர் சேர்ந்து நடக்கலாம். பார்க்க ஆச்சரியம், ஆட அவ்வளவு இல்லை. எல்லாப் பாதையும் ஒன்று போல இருக்கிறது. 

1977-ல் வந்த ‘ஊப்லியெட்’தான் என்னைப் பயமுறுத்தியது. பிரெஞ்சுச் சொல். மேலே மட்டும் வாய் உள்ள பாதாளச் சிறை. கைதியை இறக்கிவிட்டு மறந்துவிடுவார்கள். பெயரிலேயே மறதி இருக்கிறது. இதில் தனியாக இறங்கினால் முதல் திருப்பத்திலேயே முடிந்துவிடும், கூட்டமாகப் போக வேண்டும். பிளேட்டோவில் பழகிய ராபர்ட் வுட்ஹெட், ஆண்ட்ரூ கிரீன்பெர்க்குடன் சேர்ந்து 1981-ல் ஆப்பிள் கணினிக்கு ‘விசர்ட்ரி’ செய்தபோது அந்தக் கூட்டத்தை ஒரே ஆள் நடத்தும் ஆறு பாத்திரங்களாக மாற்றினார்கள். விசர்ட்ரி ஜப்பானுக்குப் போனது, அங்கே 1986-ல் ‘டிராகன் குவெஸ்ட்’ வந்தது, மிச்சம் உங்களுக்கே தெரியும். அந்த மாற்றத்தில் ஒன்று தொலைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கூட வந்தவர்கள்.

‘அவதார்’ என்ற கடைசி கேமில் அது புரிந்தது. 1979-ல் முடிந்தது, பிளேட்டோவிலேயே அதிகம் ஆடப்பட்டவற்றுள் ஒன்று. பெயர் நம்முடையது, கேமில் நம்முடையது என்று வேறு எதுவும் இல்லை. இதில் செத்தால் உடல் நிலவறையிலேயே கிடக்கும். வேறொரு ஆட்டக்காரர் இறங்கிவந்து தூக்கிக்கொண்டு மேலே போனால்தான் திரும்ப உயிர் வர வாய்ப்பு. எழுபதுகளில் ஒரே அறையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம் இல்லை. “டேய், நான் விழுந்துட்டேன்டா” என்று கத்தினால் போதும். எனக்கு ராத்திரி ஒன்றே முக்கால். இரண்டாம் தளத்தில் செத்துக் கிடக்கிறேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தால் என்னைத் தவிர மூன்று பேர்.

பிளேட்டோவில் யாராவது நம்மோடு பேச விரும்பினால் திரையின் அடியில் ஒரு வரி திறக்கும். அனுப்பு என்று அமுக்கும் வழக்கம் கிடையாது. அந்தப் பக்கம் தட்டத் தட்ட இந்தப் பக்கம் எழுத்து வந்துகொண்டே இருக்கும், தவறாகத் தட்டி அழிப்பதுகூடத் தெரியும். அந்த வரி திறந்தது.

எந்த இடத்தில் விழுந்தாய் என்று கேட்டார். நோட்டைப் பார்த்து, படியிலிருந்து எத்தனை கட்டம் கிழக்கு, எத்தனை கட்டம் தெற்கு என்று சொன்னேன். எங்கிருந்து ஆடுகிறாய் என்று கேட்டார். சென்னை என்றேன். அங்கே மணி என்ன என்றார், சொன்னேன். சிரிப்பது போல ஏதோ தட்ட ஆரம்பித்து, பாதியில் அழித்துவிட்டார். 1981-லிருந்து இதை ஆடுவதாகச் சொன்னார். நடுவில் பல வருடம் ஆடவில்லையாம், ஆட இடம் இல்லையாம்.

பிறகு ஐந்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒவ்வொரு எழுத்தாக வந்துகொண்டிருந்தது: உன்னைத் தூக்கிவிட்டேன், மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன், இரு.