சப்பணமிட்டால் குத்தும் வலி

நந்திதுர்க்கில் எக்ஸ்-ரே என்றால் நெஞ்சுதான் நினைவுக்கு வரும். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ், இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது கோலார் தங்க வயலில்தான், 1947-ல். அப்பாக்களின் நோய்க்கு அந்தப் படங்களே சாட்சி.

சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டன. அடுத்த தலைமுறை, விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறது. அவர்களில் முப்பது வயது இளைஞர் ஒருவருக்கு வலி வேறு இடத்தில். இருக்கையில் முடங்கி உட்கார்ந்து எழுந்தால் கவட்டையில் சுருக்கென்று குத்தும். சப்பணமிட முடியாது, குந்த முடியாது. எங்கே வலி என்று கேட்டால், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஆங்கில 'சி' போல வளைத்து இடுப்பைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டுவார். விஷயம் தெரிந்த மருத்துவருக்கு அது பெரிய துப்பு. ஆனாலும் ஓராண்டுக்கு மேல் அவர் விழுங்கியது முதுகுவலி மாத்திரைதான்.

தொடை எலும்பின் தலை ஒரு பந்து. அது உட்காரும் குழி ஒரு கிண்ணம். பந்துக்குக் கீழே கழுத்தில் எலும்பு புடைத்திருந்தாலோ, கிண்ணத்தின் விளிம்பு நீண்டிருந்தாலோ, காலை மடக்கும்போது இரண்டும் இடித்துக்கொள்ளும். நடுவில் சிக்கும் லேப்ரம் என்கிற குருத்தெலும்பு வளையம் நைந்துபோகும். இந்த இடிதான் பின்னாளில் மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவகுக்கிறது என்று சுவிட்சர்லாந்தின் ரைன்ஹோல்ட் கான்ஸும் சகாக்களும் 2003-ல் வாதிட்டனர்.

அல்ட்ராசவுண்ட் இங்கே எப்படி உதவும்? ஒலி அலை எலும்பைத் துளைக்காது; மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். அந்தக் குறையே இதில் வசதி. எலும்பின் முன்புறம் பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரிய, புடைப்பு அந்தக் கோட்டில் மேடாக எழும். மூட்டில் கோத்த நீர் கறுப்பாகத் தெரியும். எக்ஸ்-ரேவுக்கு அசையாமல் கிடக்க வேண்டும். இதிலோ காலை மடக்கித் திருப்பச் சொல்லி, இடிக்கும் இடத்தை நேரிலேயே பார்க்கலாம். ஆனால் லேப்ரத்தின் ஆழமான, பின்புறப் பகுதிகள் சிக்குவதில்லை. எக்ஸ்-ரேவையும் எம்.ஆர்.ஐ.யையும் ஓரங்கட்டிவிட முடியாது.

உண்மையான பலன் ஊசியில் இருக்கிறது. திரையைப் பார்த்தபடியே ஊசியை மூட்டுக்குள் நேராக இறக்கி, மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். வலி நன்றாகத் தணிந்தால் அதன் வீடு மூட்டுக்குள்தான். தணியாவிட்டால் பெரும்பாலும் வேறு இடத்தில் தேட வேண்டும். மாரிக்குப்பம் ரயில்காரர் மேசையிலிருந்து இறங்கித் தயங்கித் தயங்கிக் குந்திப் பார்த்தார். குத்தவில்லை. மருந்தின் வேகம் இருந்த சில மணி நேரத்துக்கு மட்டும்தான் என்றாலும், முதுகு நிரபராதி என்று தெரிந்துவிட்டது.

படத்தில் புடைப்பு தெரிந்தாலே நோய் என்று கத்தியை எடுப்பதும் தவறு. வலியே இல்லாத பலருக்கும், குறிப்பாக விளையாட்டு வீரர்களுக்கு, இதே புடைப்பு உண்டு. அறிகுறி, உடல் பரிசோதனை, படம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்று 2016-ன் வாரிக் உடன்பாட்டில் நிபுணர்கள் சொன்னார்கள்.

நம் நாட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க வந்த 1994-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, இடுப்பைப் பார்க்க வைத்திருக்கும் ஸ்கேன் கருவிக்கும் பதிவு தேவை. பெண் சிசுக்களுக்காக வந்த சட்டத்தைக் குறைசொல்ல மனம் வராது. ஆனாலும், சிறு ஊர்களின் மூட்டு மருத்துவர் இந்தக் கருவியை வாங்கத் தயங்குவதில் வியப்பில்லை.

இளைஞர் இப்போது இடுப்புத் தசைப் பயிற்சி செய்துவருகிறார். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் அறுவை சிகிச்சைப் பேச்சு. அதுவரை ரயிலில் இடம் கிடைத்தாலும், பாதி வழி நின்றுகொண்டுதான் போகிறார்.