ஈரத்துண்டுக்கு எத்தனை பகடை?

ஈரத்துண்டால் அடி வாங்கியிருக்கிறீர்களா? ஹாஸ்டலில் இருந்தவர்கள் எல்லோரும் வாங்கியிருப்பார்கள். குளித்துவிட்டு வரும்போது பின்னாலிருந்து ஒருத்தன் துண்டை முறுக்கி நுனியால் சுண்டுவான். சுளீர் என்று விழும். அரைமணி நேரத்துக்கு அந்த இடம் சிவந்து கிடக்கும். ஆனால் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்புத்தகத்தைக் கேட்டால், துண்டெல்லாம் ஒரு ஆயுதமா என்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக நாலு வரி. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. கம்ப்யூட்டர் தேவையில்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதை சொல்வார். அவர்தான் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "நான் இதைச் செய்கிறேன்" என்று நாம் சொல்ல வேண்டும். நடக்குமா என்பதை இருபதுமுகப் பகடை சொல்லும்.

ஆரம்பத்தில் இதில் கத்தி, கவசம், மந்திரம்தான். 1975இல் வந்த 'பிளாக்மூர்' இணைப்பில்தான் 'மாங்க்' என்ற துறவி வந்தார். வெறுங்கையால் சண்டை போடுபவர். 'என்டர் த டிராகன்' வந்து இரண்டே வருடம் ஆகியிருந்த நேரம், வேறு விளக்கம் தேவையில்லை :-)

சரி, துண்டுக்கு வருவோம். ஆயுதப் பட்டியலில் இல்லாத எந்தப் பொருளை எடுத்து அடித்தாலும் அது கைக்குக் கிடைத்த ஆயுதம். 2003இல் வந்த 3.5 பதிப்பில் அப்படி அடித்தால் பகடையில் 4 கழிக்க வேண்டும். இருபது முகத்தில் நாலு என்றால், வெற்றி வாய்ப்பில் 20 சதவீதம் காலி. 2014இல் வந்த 5ஆம் பதிப்பு கொஞ்சம் இரக்கம் காட்டியது. கழிவு கிடையாது, ஆனால் பயிற்சிக்கான கூடுதல் புள்ளியும் கிடையாது. சேதத்துக்கு நாலுமுகப் பகடை. அந்தப் பொருள் நிஜ ஆயுதம் ஒன்றைப் போல இருந்தால் மட்டும் டிஎம் மனசு வைத்து அந்த ஆயுதமாகவே எடுத்துக்கொள்ளலாம். மேஜைக்கால் தடி மாதிரி என்று புத்தகமே சொல்கிறது. துண்டு எது மாதிரி? அதைச் சொல்லவில்லை.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? அதே 2014 விதிப்படி முதல் நிலை மாங்கின் வெறுங்கைக்கும் நாலுமுகப் பகடைதான். கூடவே பயிற்சிப் புள்ளியும் உண்டு. அதாவது, மாங்க் துண்டைக் கையில் எடுத்தால் பலவீனமாகிறார்! 2024 திருத்தத்தில் கைக்கு ஆறுமுகப் பகடை கொடுத்துவிட்டார்கள். துண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2009இல் வந்த பாத்ஃபைண்டர் விளையாட்டில் வரீசிய மக்களின் கழுத்துத்துணி ஒரு ஆயுதம். ஆனால் அங்கேயும் ஓரத்தில் பிளேடு தைத்த பிறகுதான் துணிக்கு மரியாதை.

சினிமாக்காரர்களுக்கு இந்தச் சந்தேகமே வந்ததில்லை. சுய் ஹார்க்கின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா' இரண்டாம் பாகம் (1992) பார்த்திருக்கிறீர்களா? ஜெட் லியின் கையில் கம்பு. எதிரே டானி யென், நனைத்து முறுக்கிய நீளத்துணியோடு நிற்பார். அந்தத் துணி ஒரு நொடி ஈட்டி மாதிரி பாயும், அடுத்த நொடி சாட்டை மாதிரி வளையும், கம்பைச் சுற்றிக்கொள்ளும். படத்துக்காகக் கூட்டியதுதான். ஆனால் அடிப்படை பொய் இல்லை. நனைந்தால் துணி கனக்கும், முறுக்கினால் விறைக்கும், சுண்டினால் நுனியின் வேகம் ஏறும்.

ஐரோப்பாவிலும் இது உண்டு. இத்தாலிய வாள் ஆசிரியர் அக்கீலே மரோட்சோ 1536இல் வெளியிட்ட நூலில் வாளும் மேலங்கியும் சேர்த்துச் சண்டை போடக் கற்றுக்கொடுக்கிறார். அங்கியை இடது கையில் சுற்றிக்கொண்டு வீச்சைத் தடுப்பது. எல்லாம் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த துணிதான்.

எங்கள் மேஜையில் இந்தப் பிரச்சினையைக் கிளப்பியது முதல் வருடத் தம்பி ஒருவன். அதிகம் பேச மாட்டான். விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கியே இருப்பான். அவன் பாத்திரம் ஒரு மாங்க். சொத்து ஒரு கம்பு, ஒரு துண்டு. கோட்டை வாசலில் காவலன் கம்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, "தோள்ல கிடக்கிற துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு உள்ளே போ" என்கிறான். டிஎம்மான சீனியர் போகிற போக்கில் சொன்ன வசனம். நம் ஊரில் தோளில் துண்டு போட யாருக்கு அனுமதி இருந்தது, யாருக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தம்பிக்கும் தெரியும்.

"கட்ட மாட்டேண்ணே. துண்டால அவன் மணிக்கட்டைச் சுத்தி இழுக்கிறேன்."

சீனியர் புத்தகத்தைப் புரட்டினார். "துண்டுக்கு விதி இல்லடா. வெறுங்கையால பிடி, வாய்ப்பு அதிகம்."

"வெறுங்கையால வேணாம்ணே. துண்டாலதான்."

யாரும் பேசவில்லை. சீனியர் புத்தகத்தை மூடினார். "எப்படிச் சுத்துவே, காட்டு." ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்தான். நான்தான் காவலன். என் மணிக்கட்டில் ஒரு சுற்று, கீழே ஒரு முறுக்கு. கையை உருவவே முடியவில்லை. பக்கத்தில் இருந்தவன் என் கையிலிருந்த ஸ்கேலைச் சாவகாசமாக எடுத்துக்கொண்டு போனான்.

அன்று ராத்திரியே எங்களுக்கென்று விதி எழுதினோம். துண்டால் அடித்தால் நாலுமுகப் பகடை, அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. நுனியில் கல்லைக் கட்டினால் தடிக்குச் சமம். கையைச் சுற்றினால் இரண்டு பேரும் பகடை உருட்ட வேண்டும், சுற்றியவன் ஜெயித்தால் எதிரி ஆயுதத்தை நழுவ விடுவான். ஆனால் எதிரியிடம் இன்னொரு கத்தி இருந்தால், அடுத்த முறை துணி கிழியும். கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னதும் தம்பிதான். ஓசியில் கிடைக்கிற பலம் அவனுக்கும் வேண்டாம்.

விதிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதி இல்லாவிட்டால் சத்தமாகப் பேசுகிறவன்தான் ஜெயிப்பான். ஆனால் ஆயுதப் பட்டியல் என்பது, அதை எழுதியவர்கள் எதையெல்லாம் ஆயுதமாகப் பார்த்துப் பழகினார்களோ அதன் பட்டியல். புடவைத் தலைப்பும், சும்மாடும், தோள்துண்டும் அவர்கள் கண்ணில் பட்டிருக்காது. அதைச் சேர்ப்பது மேஜையில் உட்கார்ந்திருக்கிற நம் வேலை.

உங்கள் பாத்திரத்திடம் இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டால், எதை மட்டும் தர மாட்டேன் என்பீர்கள்? சொல்லுங்கள், அதற்கும் ஒரு விதி எழுதிப் பார்ப்போம்.