கிழக்கு எங்கே இருக்கிறது? வாஸ்து, ஃபெங் சுயி, பெங்களூர் வீடுகள்: சில குறிப்புகள்

பெங்களூரில் வாடகை வீடு தேடத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே ஒரு தனிச் சொற்றொகுதியைக் கற்றுக்கொள்கிறார்கள். ‘ஈஸ்ட் ஃபேஸிங்’, ‘கார்னர் சைட்’, ‘முப்பதுக்கு நாற்பது’, ‘ஹண்ட்ரட் பர்சென்ட் வாஸ்து’. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைநீர் எங்கே போகிறது என்பதைத் தரகரிடம் கேட்டுப் பெறவேண்டும்; வாசல் எத்திசையை நோக்குகிறது என்பது கேட்காமலே சொல்லப்படும். இந்த அக்கறை வாடகைக் குடியிருப்புகளோடு நிற்பதில்லை. விதான சௌதாவில் முதலமைச்சர் அறையின் மேற்குக் கதவு வாஸ்து காரணமாக நெடுநாள் மூடிக் கிடந்தது. 2023 ஜூன் மாதம் சித்தராமையா அதைத் திறக்கச் செய்து அதன் வழியாகவே உள்ளே சென்றார். அதே கதவை அவர் தமது முந்தைய ஆட்சிக்காலத்திலும் திறந்திருந்தார். இடையில் அது மீண்டும் மூடப்பட்டது. ஒரு கதவு ஆட்சிக்கு ஆட்சி திறந்து மூடுகிறதென்றால், திசை பற்றிய அச்சம் எளிய மக்களின் அறியாமை மட்டும் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அதை அதன் சொற்களிலிருந்தே தொடங்கி ஆராய்வது பயனுடையது.

தமிழில் கிழக்கு என்பது ‘கீழ்’ என்னும் அடியிலிருந்தும், மேற்கு என்பது ‘மேல்’ என்னும் அடியிலிருந்தும் வந்தவை. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கடலை நோக்கிச் சரியும் சமவெளி என்ற நிலத்தில் வாழ்ந்தவர்கள் தம் காலடியில் உணர்ந்த சரிவையே திசைப்பெயராக்கினர். கன்னடம் வேறு வழியில் சென்றது. அங்கே கிழக்கு ‘மூடண’, ஞாயிறு எழும் பக்கம். மேற்கு ‘படுவண’, ஞாயிறு படும் பக்கம். வடக்குக்கு உரிய ‘படகண’ நம் ‘வடக்கு’ என்பதன் உடன்பிறப்பு. நீலகிரியின் படகர் என்ற பெயரும் வடக்கிலிருந்து வந்தோர் என்ற பொருளையே சுமக்கிறது. ஒருவர் நிலத்தைப் பார்த்துப் பெயரிட்டார், மற்றவர் வானைப் பார்த்துப் பெயரிட்டார். திசை ஒன்றே, அதை அறிந்த வழிகள் வேறு.

இவற்றுள் மிகவும் சிந்திக்க வைப்பது மலையாளம். கேரளத்தில் மலை கிழக்கே இருக்கிறது, கடல் மேற்கே இருக்கிறது. ஆயினும் அங்கும் கிழக்கு ‘கிழக்கு’தான். மேட்டுப் பக்கத்தைத் தாழ்ந்த பக்கம் என்று அழைக்கும் இந்த முரணைக் கால்டுவெல் 1856இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்தில் சுட்டிக்காட்டி, மலைக்குக் கிழக்கிலிருந்து மக்கள் அப்பக்கம் சென்றதற்கான சான்றாக எடுத்துக்கொண்டார். அவருடைய முடிவை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்கட்டும். நிலம் மாறிய பின்னும் சொல் மாறாமல் உடன் செல்லும் என்பது தெளிவு. சொல்லுக்கு இது பொருந்துமானால் விதிக்கும் பொருந்தும். ஓரிடத்தின் காற்றையும் வெயிலையும் பார்த்து எழுந்த விதி, அந்தக் காற்றும் வெயிலும் இல்லாத ஊருக்குக் குடிபெயர்ந்த பின்னும் விதியாகவே நீடிக்கிறது.

ஃபெங் சுயி இதற்குத் தக்க சான்று. சீன மொழியில் ‘ஃபெங்’ என்றால் காற்று, ‘சுயி’ என்றால் நீர். அதன் தொடக்கத்தில் வாழ்வோரின் வீட்டுக்கு நிகராக இறந்தோரின் புதைகுழிக்கு இடம் தேர்வதும் முதன்மை பெற்றிருந்தது. அம்மரபில் நல்ல மனை என்பது வடக்கே மலையை முதுகாகக் கொண்டு, தெற்கு நோக்கி, முன்னே நீரோடு அமைவது. வடக்கிலிருந்து குளிர்காற்று வந்து தாக்கும் நாட்டில், குளிர்கால வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வீட்டுக்குள் புகும் நிலநேர்க்கோட்டில், இது நல்ல கட்டடக்கலை. சீனர் திசைகாட்டியையே ‘தெற்கு காட்டும் ஊசி’ என்று அழைக்கின்றனர். நம்மூர் வாஸ்துவிலோ தெற்கு எமனின் திசை. தெற்கு வாசல் பலரும் அஞ்சும் வாசல். தெற்கை விரும்பும் மரபின் சிரிக்கும் புத்தரும், தெற்கை அஞ்சும் மரபின் வாஸ்து எந்திரமும் பெங்களூரின் ஒரே பரிசுப்பொருள் கடையில், ஒரே அடுக்கில் விற்பனைக்கு இருக்கின்றன. இரண்டையும் வாங்கி ஒரே வீட்டில் வைப்பவருக்கு அவை ஒன்றையொன்று மறுப்பது தெரிவதில்லை. அருகில் உள்ள ‘லக்கி பாம்பூ’ மூங்கிலே அன்று. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட டிரசீனா இனச் செடி.

தமிழ் மரபு தெற்கை இவ்வாறு ஒரே வண்ணத்தில் தீட்டவில்லை. ‘தென்’ என்ற சொல்லுக்கு இனிமை, அழகு என்ற பொருள்களும் உண்டு. தெற்கிலிருந்து வரும் காற்று தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வைத்த மொழியில், மக்கள் விரும்பி வரவேற்ற காற்று தெற்கினுடையது. திருக்குறள் இல்லறத்தான் பேணவேண்டிய ஐவரைச் சொல்லும்போது முதலில் வைப்பது தென்புலத்தாரை. தெற்கு இறந்தோரின் திசையாக இருந்தது உண்மை; ஆனால் அது அஞ்சி அடைக்கப்பட வேண்டிய திசையாக அன்றி, கடமையோடு நினைக்கப்பட வேண்டிய திசையாகவும் இருந்தது.

மரபு நூல்களிலும் அச்சத்தைவிடச் சோதனையே மிகுதி. நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சியைப் பாடுகிறார். கோல் நட்டு, அதன் நிழல்கொண்டு நண்பகலில் திசை அறிந்து, நூல் பிடித்து அளந்து, தெய்வத்தை வணங்கி வேலை தொடங்குகிறது. இங்கே ‘நூல்’ என்ற சொல் இரு பொருளிலும் உயிர்ப்போடு நிற்கிறது: தச்சன் பிடிக்கும் கயிறும் அதுவே, அவன் கற்ற சாத்திரமும் அதுவே. மரத்தின் கோணலை நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலை நூல் தீர்க்கும் என்று இரண்டையும் நன்னூல் இணைத்துப் பேசுகிறது. மயமதமும் வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையும் மனை தேர்வுக்குச் சொல்லும் ஒரு சோதனை இன்றும் எவரும் செய்து பார்க்கத்தக்கது: குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்ப இட்டு நிரப்பவேண்டும். மண் மிகுந்தால் உத்தமம், சரியாக இருந்தால் மத்திமம், குறைந்தால் ஆகாது. மண்ணின் இறுக்கத்தை அறிய எளிய வழி இது. இன்றைய ஆலோசகர்களில் பலர் திசையை எடுத்துக்கொண்டு குழியை விட்டுவிட்டனர்.

குழியை மறந்த நகரம் எப்படிப்பட்டது என்பதைப் பெங்களூரே காட்டியிருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுமுகட்டின்மீது அமர்ந்த ஊர் இது. பேராறு எதுவும் இதன் வழியே ஓடவில்லை. ஹெப்பாள், கோரமங்களா-சல்லகட்டா, விருஷபாவதி என்னும் பள்ளத்தாக்குகள் வழியே மழைநீர் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை வெட்டி, ராஜகாலுவைகளால் அவற்றைக் கோத்து வைத்தனர் முன்னோர். ஏரிப் படுகையிலும் கால்வாய் ஓரத்திலும் பிற்காலத்தில் மனைகள் எழுந்தன. 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பகுதிகளில் உயர்விலை வில்லாக்களிலிருந்து மக்கள் டிராக்டரிலும் படகிலும் வெளியேறினர். 2024 கோடையில் அதே நகரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் லாரிக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. ஈசானிய மூலையில் நீர்த்தொட்டி வைக்கவேண்டும் என்ற விதியை வழுவாது கடைப்பிடித்த வீட்டையும் வெள்ளம் விட்டுவைக்காது. தண்ணீர் மூலையைப் பார்ப்பதில்லை, சரிவைப் பார்க்கிறது. ‘கீழ்’ என்ற சொல்லை மறந்து ‘கிழக்கு’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டதன் விலை இது.

இனி, வீட்டுக்குள் வரலாம். தமிழ்க் குடும்பங்களில் வழங்கும் சில தொடர்கள் இலக்கண நோக்கில் கவனிக்கத்தக்கவை. ‘இந்த வீடு ஆகவில்லை’, ‘ராசியில்லாத வீடு’, ‘வந்த நாளிலிருந்தே சரியில்லை’. இவற்றில் செய்தவர் என்று எவரும் இல்லை. வேலையிலிருந்து நீக்கிய நிறுவனம், ஈரம் கசியும் சுவரைச் சரிசெய்யாத உரிமையாளர், கவனியாது விட்ட நோய் ஆகிய எல்லாம் வாக்கியத்திலிருந்து விலகி, வீடு மட்டும் எழுவாயாக நிற்கிறது. இதில் ஒரு கருணையும் உண்டு என்பதை மறுக்கலாகாது. வேலை இழந்த மகனையோ நோயுற்ற கணவனையோ குற்றம் சொல்ல மனமில்லாத தாய், சுவரைக் குற்றம் சொல்லித் தன் துயரை ஆற்றிக்கொள்கிறாள். ஆனால் அதே வாக்கியம் மிக எளிதில் எழுவாயை மாற்றிக்கொள்ளும். ‘வீடு ராசியில்லை’ என்பது ‘இவள் காலடி வைத்த நேரம்’ என்று ஆகும்போது, சுவர்மேல் விழுந்த பழி மருமகள்மேல் விழுகிறது. சுவர் தாங்கும், மனிதர் தாங்குவதில்லை. இப்பேச்சு முழுவதிலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டிய இடம் இதுவே.

பணமும் பழியோடு சேர்ந்து நடக்கிறது. பல மாத வாடகையை முன்பணமாகக் கட்டிக் குடிவந்தவர், தெற்கு வாசலுக்கு அஞ்சி ஓராண்டுக்குள் வெளியேறினால், பெயிண்ட் அடித்த செலவென்று ஒரு மாத வாடகையையேனும் இழக்கிறார். சொந்த வீட்டிலோ, வாசலை மாற்றுவதற்காகப் பொறியாளரைக் கேளாமலே சுமைதாங்கும் சுவர் உடைக்கப்படுகிறது. கர்நாடகத்தின் 2017ஆம் ஆண்டு மூடநம்பிக்கைத் தடைச் சட்டம் வாஸ்து ஆலோசனையைத் தடை செய்யவில்லை. ஆகவே எதை ஏற்பது, எதை விடுப்பது என்பது அந்தந்த வீட்டின் பகுத்தறிவுக்கே விடப்பட்டிருக்கிறது.

வடக்கே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்ற விதியை எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் உள்ள இரும்பைப் புவிக்காந்தம் இழுக்கும் என்ற விளக்கம் பொருந்தாது. ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு ஆணியின் இரும்பைப்போல் காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை, புவியின் காந்தப்புலமும் மிக வலுவற்றது. ஆனாலும், வீட்டில் ஒரு முதியவர் அவ்விதியால் உறக்கம் இழப்பாரானால் கட்டிலைத் திருப்பிப் போடுவதில் எவருக்கும் நட்டமில்லை. அங்கே அறிவியல் வகுப்பு எடுப்பதைவிட அவர் உறங்குவது முக்கியம். மாறாக, அதே முதியவருக்காகக் காற்று வரும் சன்னலைச் செங்கல் வைத்து அடைப்பது வேறு வகைச் செயல்.

காப்பு என்பதற்கும் இது பொருந்தும். வாசலில் தொங்கும் எலுமிச்சையும் மிளகாயும், கட்டுமான வீட்டின்முன் நிற்கும் திருஷ்டிப் பொம்மையும் எவரையும் வருத்துவதில்லை. ஆயுத பூசைக்கு நடுச்சாலையில் உடைபடும் பூசணி அப்படியன்று. ஒரு வீட்டின் திருஷ்டியைக் கழித்து முன்பின் அறியாத இருசக்கர ஓட்டியை வழுக்கி வீழ்த்துகிறது. உடைத்தவரே ஓரமாக அள்ளிப்போட்டால் சடங்கும் நிறைவேறும், வழியும் பிழைக்கும். அதே வீட்டில் குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கலாம். சாளரம் குளிருக்கு அடைக்கப்பட்டிருக்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இவ்வகை மரணங்கள் பெங்களூரில் ஒருமுறைக்கு மேல் செய்தியாகியுள்ளன. கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் வைப்பதே இங்கு உண்மையான திருஷ்டிக் கழிப்பு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தங்கும். எனவே சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையை ஒட்டிக் காற்றுவழி வேண்டும். மின்பெட்டியில் கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உண்டா என்று பார்ப்பதற்கு நல்ல நேரம் தேவையில்லை. மேற்குச் சன்னலுக்கு ஏப்ரல் மாலையின் வெயிலையும் ஜூனுக்குப் பின் வரும் சாரலையும் தடுக்க ஒரு சாய்ப்போ தடித்த திரையோ போதும். மேற்கு என்ற காரணத்தால் அந்த அறையையே கைவிட வேண்டியதில்லை.

வீடு பார்க்கச் செல்பவர் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. பெருமழையில் இத்தெருவின் தண்ணீர் எங்கே போகிறது? அருகில் ராஜகாலுவை உண்டா? கோடையில் தண்ணீர் காவிரிக் குழாயிலிருந்து வருகிறதா, லாரியிலிருந்தா? எதிரெதிர்ச் சன்னல்களால் காற்று குறுக்கே செல்கிறதா? தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா? பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ முனையிலுள்ள பெட்டிக்கடைக்காரரிடமோ கேட்டால் முதல் மூன்றுக்கும் பிழையற்ற விடை கிடைக்கும். காற்றும் நீரும் என்ற பெயர் தாங்கிய சாத்திரம் முதலில் கேட்டதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

எஞ்சிய விதிகளுக்கு ஓர் அளவுகோல் போதுமானது. ஒரு விதி செலவில்லாமல், எவரையும் வருத்தாமல், வீட்டில் ஒருவருக்கேனும் மன அமைதி தருமானால் அதைக் கடைப்பிடிப்பதில் குறையில்லை. அது சன்னலை மூடுமானால், சுமைதாங்கும் சுவரை உடைக்குமானால், வாழ வந்த ஒரு பெண்ணைச் சுட்டிக்காட்டுமானால், எத்திசையிலிருந்து வந்தாலும் அதை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும்.